படத்தில் வராத ஆள்

சென்ற வருடம், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கொழும்பு கொட்டாஞ்சேனையில் தொடங்கிய விஷயம் இது. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. என் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர்கள். அவர்களையும் அவர்கள் வயதுப் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். பெரியவர்கள் வாசித்தாலும் குறை இல்லை.

எங்கள் குறுகலான ஒழுங்கை தெருவில் தொடங்கும் இடத்தில் ஒரு சலூன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முடி வெட்ட வருகிறவர்களை விடப் சினிமாக் கதை கதைக்க வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கும் அந்த விசர் உண்டு. அதிலும், உண்மையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், எங்களுக்கு ஒரு மாதத்துக்குச் சாப்பாடே தேவையில்லை. யார் நடிக்கப் போவது, முகவெட்டு சரியா, நடை சரியா, குரல் சரியா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்போம்.

“மச்சான், அந்த கிரிக்கெட்காரனா நடிச்சவன் துடுப்புப் பிடிச்சது சரி. ஆனா அந்தாள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால தோளில மூக்கைத் துடைக்கிறவர். அதை விட்டுட்டாங்கள்,” என்பார் பாங்க் தம்பி. அவர் வங்கியில் வேலை செய்கிறவர். சொந்த இடம் யாழ்ப்பாணம், இருப்பது வெள்ளவத்தையில். சினிமாச் செய்தி எல்லாம் முதலில் அவருடைய போனுக்குத்தான் வரும்.

“ஏங்க, மூக்கத் தொடைக்கிறதப் பார்க்கவா சனம் தியேட்டருக்கு வருது?” என்பார் சலூன்காரர். அவர் ஹற்றன் பக்கத்து ஆள். கத்தரிக்கோலை நிறுத்தாமலே கதைப்பார்.

“வேற எதுக்கு வருது? மூஞ்சி மட்டும் சரியா இருந்தா போதுமெண்டா போஸ்டரைப் பாத்திட்டு வீட்டை போகலாமே.”

இப்படிப் போகும். இந்தச் சண்டைகளில் கலந்துகொள்ளாமல் வாசல் பக்கத்து மர வாங்கில் ஒருவர் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பார். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். முஸ்லிம் பெரியவர். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் நிற்கும் யார்ட்டில் வாழ்க்கை முழுவதும் கிளீனராக, அதாவது டிரைவருக்கு உதவி ஆளாக, வேலை செய்தவர். ஒரு கால் கொஞ்சம் நொண்டும். மனைவி காலமான பிறகு மகளோடும் மருமகனோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்.

நானா அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் மழை பலமாகப் பெய்து யாராவது களனி கங்கையின் பழைய வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேப்பரை மடித்து வைப்பார். அந்த வெள்ளத்தில் ஒரு லொறி டிரைவர், தண்ணீர் ஏறிய வீதியில் தன் லொறியைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கூரையில் நின்ற சனங்களை ஏற்றி வந்தது இந்தப் பக்கத்தில் பல பேருக்குத் தெரியும்.

“அந்த லொறியில நானும் ஈந்தேன்,” என்று தொடங்குவார். இருந்தேன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார், சொல்லுவது என்பதைச் செல்லுவது என்பார். “அல்லாஹ் காவல், என்னா தண்ணி! டிரைவர் ஒரு தரம் கூட எஞ்சின நிக்க உடல்ல. அவர்ட கெட்டித்தனம். நாங்க கயித்தக் கட்டி, ஆக்களைத் தூக்கி ஏத்தினோம்.” அவ்வளவுதான் கதை. காலில் என்ன நடந்தது என்று கேட்டால், “அண்டைக்கு எதோ பட்டுச்சு,” என்பார்.

நாங்கள் ஓம் ஓம் என்று கேட்போம். அவருடைய மருமகன் மட்டும் சலூனுக்கு வந்திருந்தால் எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். “மாமா வெள்ளத்த இழுத்துட்டு வந்துட்டார். இனி எல்லாரும் நனைய வேண்டியதுதான்.” வீட்டில் அவர் பேச்சு இதைவிட மோசம் என்று கேள்வி. பேரப்பிள்ளைகளும் தகப்பனைப் பார்த்து, தாத்தா கதை தொடங்கினால் எழும்பிப் போகப் பழகியிருந்தார்கள்.

அந்த டிரைவர் சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாங்க் தம்பி சலூன் படியில் கால் வைக்கும்போதே கத்தினார்: “கேட்டீங்களா? எங்கட களனி வெள்ளத்தைப் படமா எடுக்கிறாங்களாம்! தமிழ்நாட்டுக் கொம்பனி. டிரைவரின்ர மகன் கனடாவில இருந்து கதையைக் குடுத்தவராம்.”

அன்றைக்கு சலூனில் ஒரு முடியும் ஒழுங்காக வெட்டுப்படவில்லை. டிரைவராக நடிப்பதற்கு ஒரு பெரிய நடிகர் சம்மதித்துவிட்டார் என்று செய்தி. அவருடைய உயரம் சரியா, அவருக்கு லொறி ஓட்டத் தெரியுமா, எங்கள் பேச்சு அவர் வாயில் வருமா என்று ஒரே அமளி. அந்த நேரம் சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். அவர் கத்தரிக்கோலை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப நம்ம நானாவா நடிக்கப் போறது யாரு?”

எல்லோரும் நானாவைப் பார்த்தோம். இத்தனை நாள் பக்கத்தில் இருந்த மனிதரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்க்கிறோம் போல. அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, “என்ன உடுங்க தம்பி,” என்றார். ஆனால் பேப்பர் தலைகீழாக இருந்தது.

அதற்குப் பிறகு சலூனில் நானாதான் கதாநாயகன். அவர் வந்தால் இடம் கொடுத்து எழும்புவோம். கண்ணாடிக்கு முன்னால் இருத்தி ஒவ்வொரு நடிகரின் படத்தையும் போனில் எடுத்து அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்போம்.

“இந்தா, மூக்கு அச்சொட்டு.”

“மூக்கு சரி, ஆனா இவன் ஜிம்முக்குப் போறவன். நானா அந்த நேரம் எலும்பும் தோலுமா இருந்திருப்பார்.”

“படத்தில எல்லாரும் ஜிம்முக்குப் போனவங்கள்தான். வெள்ளத்தில கூரையில நிக்கிற கிழவிக்கும் சிக்ஸ் பேக் வைப்பாங்கள்.”

நானா சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

படம் பார்க்கிற பழக்கமே இல்லாத அந்த மனிதர் பேரனின் போனை வாங்கிப் படம் பார்க்கத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, ஒல்லியான ஒரு நடிகரின் படத்தைக் காட்டினார். “இவன் வந்தா நல்லம் தம்பி. இவன்ட கண்ணுல பயம் ஈக்கு. அண்டைக்கு எனக்கும் நல்லாப் பயம் ஈந்த.” நாங்கள் எல்லோரும் வீரமான முகம் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் பயப்படத் தெரிந்த முகம் தேடியிருக்கிறார். அந்த நேரம் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் வந்து இருந்ததும் பாங்க் தம்பியிடம் மெதுவாகக் கேட்பார்: “நம்மட ஆள் யாரெண்டு போட்டாங்களா?”

“இன்னும் போடேல்லை நானா. சஸ்பென்ஸ் வைக்கிறாங்கள். கௌரவ வேடத்தில ஆரும் பெரிய ஆள் வருவான், பாருங்கோ.”

கதாநாயகி யார், இசை யார், வில்லன் யார் என்று எல்லாம் வந்தது. வெள்ளத்துக்கு எதற்கு வில்லன் என்று சலூன்காரர் கேட்டார். நானாவின் ஆள் யார் என்பது மட்டும் வரவில்லை. எங்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. உண்மைக் கதையில் இருந்த ஆள் படத்தில் இல்லாமல் போவாரா?

வீட்டிலும் அவருக்கு மரியாதை கூடியது. மருமகன் கண்ணடிப்பதை நிறுத்தியிருந்தார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், “எங்கட மூத்தவாப்பா படத்துல வாரார்,” என்று சொல்லித் திரிந்தார்கள். அவர்களுக்கு மூத்தவாப்பா என்றால் தாத்தா. நானாவுக்கு எது முக்கியம் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அவருக்குப் பெயரும் புகழும் வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டில் இருக்கிறவர்கள் தன் வாழ்க்கையில் நடந்த அந்த ஒரு விஷயத்தை நம்ப வேண்டும். சொந்த வாயால் சொல்லி நடக்காததைப் படம் வந்து நடத்தி வைக்கும் என்று அவர் நம்பினார். நாங்களும் அந்த நம்பிக்கையை ஊதி ஊதிப் பெருப்பித்தோம்.

படம் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு தியேட்டரில் பகல் காட்சிக்கு ஒரு வரிசையை அப்படியே பிடித்தோம். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பாங்க் தம்பி, நான், என் மனைவி, என் இரண்டு பிள்ளைகள், நானா, அவருடைய மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். நானா பெருநாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு, அத்தர் பூசி வந்திருந்தார். எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை, கங்கை, ஒருகொடவத்தை யார்ட் எல்லாம் நம்முடைய இடம் போலவே இருந்தது. பெரிய நடிகர் லொறியில் ஏறினார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. “வழியில ஏத்துவாங்கள்,” என்று பாங்க் தம்பி குனிந்து எங்களுக்குச் சொன்னார். வழியில் ஒருவரையும் ஏற்றவில்லை. இடைவேளையில் சலூன்காரர், “நானாவுக்கு என்ட்ரி பெருசா வச்சிருக்காங்க. விசிலுக்கு ரெடியாகுங்க,” என்றார். நானாவும் சிரித்துத் தலையாட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு, தண்ணீர் நிறைந்த ஒழுங்கை வாசலில் லொறி வந்து நிற்கிற காட்சி. உள்ளே கூரைகளில் சனங்கள் கத்துகிறார்கள். நானா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப,” என்றார். “இந்தா, இப்ப.”

நடிகர் லொறிக் கதவைத் திறந்தார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தார். கழுத்தளவு தண்ணீரில் போய் ஒரு சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பாட்டு. தியேட்டரே எழும்பி விசில் அடித்தது. எங்கள் வரிசையும்தான். நானும்தான்.

அந்தச் சத்தத்துக்குள் நானா தனக்குத்தானே, “அப்ப கால அமத்திக்கிட்டு ஈக்கிறது யாரு?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெயர் போகும் வரைக்கும் அவர் இருந்தார். லைட் போட்டார்கள். அவர் வரவே இல்லை.

வாசலில், காலி ஊருக்குப் போகும் பெரிய வீதியின் புழுக்கத்தில் எல்லோரும் நின்றோம். சலூன்காரர் நல்ல மனதோடுதான் தொடங்கினார்: “நானா, நான் பொப்கோர்ன் வாங்கப் போன நேரம் பார்த்து வந்துட்டுப் போயிட்டீங்களோ?”

சிரிப்பு வெடித்தது. மருமகன்தான் பெரிதாகச் சிரித்தார். “மாமா லொறிக்குக் கீழ ஈந்திருப்பார். டயருக்குக் காத்து அடிச்சிட்டு!”

பேரன் நானாவின் கையைப் பிடித்து இழுத்தான். “மூத்தவாப்பா, நீங்க இல்லையே. ஏன் இல்ல?” அவன் கேலி செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறான் அல்லவா, அந்தக் கவலை.

நானா என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்க செல்லுங்க. நான் பொய்யா செல்லிட்டு ஈந்தேன்?”

பிள்ளைகளே, “இல்லை நானா” என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் நான் அப்போதுதான் பெரிய திரையில் அந்த லொறியை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதில் ஓர் ஆள்தான் இருந்தார். என் மூளைக்குள் அந்த வெறும் இருக்கை அப்படியே நின்றது. நான் கேட்டேன்: “சினிமா எண்டா மாத்துவாங்கள்தானே நானா. அதுசரி, நீங்க எந்த இடத்தில லொறியில ஏறினனீங்கள்?”

கேட்கும்போது அது எனக்குச் சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது ஒரு பொலிஸ்காரர் கேட்கிற கேள்வி என்று விளங்கியது.

“பஸ் வருது,” என்றார் நானா. உண்மையில் பஸ் ஒன்றும் வரவில்லை. நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் என் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த நானா பொய் சொன்னவரா?” நான், “தெரியேல்லையம்மா,” என்றேன். அதுவும் என் வாயால் வந்ததுதான்.

அடுத்த ஞாயிறு நானா சலூனுக்கு வரவில்லை. பாங்க் தம்பி போனில் எதையோ வாசித்தார். இயக்குநர் பேட்டி கொடுத்திருந்தாராம். ஒரு லொறியில் இரண்டு பேர் என்றால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம், ஒரு நாயகன் போதும் என்று இரண்டு பாத்திரத்தை ஒன்றாக்கிவிட்டோம் என்று சொன்னாராம். “பாருங்கோ, அப்ப ரெண்டு பேர் இருந்திருக்கினம்!” என்றார் பாங்க் தம்பி. “ரெண்டாவது ஆள் நம்ம நானாதான்னு போட்டிருக்கா?” என்றார் சலூன்காரர். போடவில்லை. பேச்சு அப்படியே நடிகரின் அடுத்த படத்துக்குப் போய்விட்டது. நானாவின் வாங்கில் யாரோ ஹெல்மெட்டை வைத்தார்கள்.

சில கிழமை கழித்து எனக்குக் களனிப் பக்கம் ஆற்றோரத்து வீடொன்றில் வயரிங் வேலை வந்தது. சிங்களக் குடும்பம். தண்ணீர் ஏறினால் பிளக் எல்லாம் நனைகிறது, எல்லாவற்றையும் சுவரில் மேலே ஏற்றித் தர வேண்டும் என்றார்கள். அந்த வீட்டு அம்மா சுவரில் ஓர் இடத்தைக் காட்டி, அந்தப் பெரிய வெள்ளம் அவ்வளவு உயரத்துக்கு வந்தது என்றார். என் தலைக்கு மேலே இருந்தது அந்த இடம். நான் வாய் சும்மா இருக்காமல், அந்த வெள்ளத்தைப் பற்றிப் படம் வந்திருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பார்த்தேன் மல்லி. மகள் போனில் காட்டினாள்,” என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. “ஆனால் அது சரியில்லை. லொறி ஓட்டினவர் இறங்கவே இல்லை.”

அவருடைய மகள், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர், உள்ளே இருந்து சொன்னார்: “அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.”

“எனக்கு என்ன மறதி? உன்னைத் தூக்கிக்கொண்டு போனவரை எனக்கு மறக்குமா?” என்று அந்த அம்மா மகளைப் பார்த்துக் கோபித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “டிரைவர் அக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் போய் எஞ்சின் நின்றுவிடும் மல்லி. அவர் கடைசி மட்டும் இருக்கையில்தான் இருந்தார். தண்ணீருக்குள் வந்தது மற்றவர். சாரத்தை மடித்துக் கட்டின ஒல்லியான முஸ்லிம் ஆள். பயத்தில் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசல் இரும்பு கேற் தண்ணீரோடு வந்து அவர் காலில் அடித்தது. நான் கத்தினேன். ‘ஒன்றுமில்லை நங்கி, நீ கயிற்றைப் பிடி,’ என்று ஒரு தங்கைக்குச் சொல்வது போலச் சொன்னார். அதற்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரருக்காக அதே காலோடு மறுபடி இறங்கி வந்தார்.”

நான் ஏணியில் இருந்து இறங்கிவிட்டேன். கையில் இருந்த குறடு கீழே விழுந்தது. படத்தில் அந்தப் பெரிய நடிகர் செய்ததெல்லாம் நானா செய்தது. நாங்கள் எழும்பி நின்று விசில் அடித்தது நானாவுக்கு. அவர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்து, தன்னுடைய வேலையை இன்னொருவர் பெயரில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் இத்தனை வருடமும் எங்களுக்குச் சொன்னபோதும், “நானும் ஈந்தேன்” என்று மட்டும்தான் சொன்னார். தான் தண்ணீருக்குள் இறங்கியதைக்கூட “நாங்க” என்றுதான் சொன்னார்.

வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு, மறுநாள் வருகிறேன் என்று சொல்லிக் கொட்டாஞ்சேனைக்கு ஓடி வந்தேன். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். மருமகன் இருக்கும்போது சொல்ல வேண்டும், பிள்ளைகள் இருக்கும்போது சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும்.

நானாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த நேரம். நானா தரையில் பாயில் இருந்தார். இரண்டு பேரப்பிள்ளைகளும் அவர் மடியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள். மருமகன் மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். நானா கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளக் கதை.

“...லொறி வந்து நிண்டுச்சு. உள்ளுக்கு எல்லாரும் கூக்குரல் போடுறாங்க. டிரைவர் என்ன செஞ்சார்? கதவத் தொறந்தார். கயித்த இடுப்புல கட்டினார். தொபுக்கெண்டு குதிச்சார்!”

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“தனியாவா?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“தனியாத்தான். வேற யாரு ஈக்கிற?” என்றார் நானா.

நான் வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து நின்றேன். பிறகு பொறுக்க முடியாமல் உள்ளே போய், மூலையில் இருந்த மருமகனிடம் களனி அம்மா சொன்னதை ஒரே மூச்சில் கொட்டினேன். மருமகன் போனைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, “தண்ணிக்குள்ள இறங்கினது டிரைவர் இல்லை பிள்ளையள், அது உங்கட...” என்று தொடங்கினேன். நானா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“கத முடியட்டும் தம்பி. நடுவுல ஆள மாத்தினா சின்னாக்கள் கொழம்புவாங்க.”

கதை முடிந்து பிள்ளைகள் விளையாட ஓடிய பிறகு என்னோடு வாசலுக்கு வந்தார்.

“ஏன் நானா சொல்லேல்லை? இவ்வளவு காலமும் ஏன் நீங்கதான் இறங்கினதெண்டு சொல்லேல்லை?”

“எஞ்சின் நிண்டா நாங்க எல்லாரும் மௌத்து. அத நிக்காம வச்சவர் அவர். நான் எறங்கின, அவ்வளவுதான். எது பெரிசெண்டு எப்பிடிச் செல்ற? அவர் இல்லாட்டி நான் இல்ல. அதனால அவர முன்னுக்கு வச்சுத்தான் செல்லுவேன்.”

“அது சரி. ஆனா இப்ப உங்களை விட்டிட்டுச் சொல்றீங்களே!”

அவர் வீதியில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார். “முந்தி இந்தக் கதய நான் தொடங்கினா எழும்பிப் போவாங்க. இப்ப பாருங்க, மடியில வந்து ஈக்கிறாங்க. அவங்களுக்குப் படத்துல வந்த மாதிரிக் கதைதான் வேணும். நான் வந்தா அவங்க போயிருவாங்க தம்பி.”

அன்றைக்கு தியேட்டர் வாசலில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத உடுங்க,” என்றார். விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம் இல்லை, ஆனால் அந்தக் கதைக்குள் திரும்பி வருவதற்கு அவரிடம் ஆசை இல்லை.

நான் சலூனில் போய்ச் சொன்னேன். பாங்க் தம்பி கண்ணைத் துடைத்தார். சலூன்காரர் தானே வீட்டுக்குப் போய் நானாவைக் கூப்பிட்டார். நானா வருகிறார்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. கிழமை நாட்களில், ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறார். சலூன்காரர் ஏதோ மன்னிப்புப் போலச் சொல்லத் தொடங்கினாராம். “முடிய வெட்டுங்க தம்பி,” என்றாராம் நானா. மருமகன் இப்போது அவரோடு மரியாதையாகத்தான் கதைக்கிறார். ஆனால் பிள்ளைகள் இன்னும் படத்துக் கதையைத்தான் கேட்கிறார்கள். அவரும் அதையேதான் சொல்கிறார். தகப்பன் ஒரு முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தாராம். “இல்ல வாப்பா, மூத்தவாப்பாவே செல்லிட்டார், டிரைவர் மட்டுந்தான் ஈந்தாராம்,” என்று பேரன் சாதித்துவிட்டானாம்.

இதை எழுதலாமா என்று நானாவிடம் கேட்டேன். “எழுதுறதெண்டா எழுதுங்க. என்ட பேரோ டிரைவர்ட பேரோ போட வேணாம். அவர்ட மகனுக்கு மனசு நோகும். அவன் வாப்பாவ நெனச்சுத்தான் அந்தக் கதயக் குடுத்தான்.”

அதனால்தான் இதில் ஒரு பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் அந்தப் பேரப்பிள்ளைகள் இதை வாசித்தாலும் மூத்தவாப்பா சொன்னதையே நம்பித் தாளைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே இதை வாசிக்கிற எந்தப் பிள்ளையாவது, தன் வீட்டில் அதிகம் பேசாமல் இருக்கிற பெரியவரிடம் போய் உட்கார்ந்து, “அந்தக் கதையில் நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை நம்பவும் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், நான் அந்தக் கேள்வியை நம்பாமல் கேட்டவன்.